காமிராவின் பின்னால் வந்த பெண்கள்

நம் நாட்டுத் திரைப்பட வரலாற்றைப் பற்றிப் பேசப் புகுவோர் தாதாசாகேப் பால்கேயின் பெயரைச் சொல்லித் தொடங்குவது வழக்கம். நாமும் அவ்வழக்கத்தை மீறப் போவதில்லை. ஆயினும் இன்று முதலில் நம் நினைவுக்கு வருபவர் அவருடைய மனைவியார் சரஸ்வதிபாய்.

1912ஆம் ஆண்டில் பால்கே இங்கிலாந்து சென்று திரும்பியபோது ஒரு படக்காமிராவும், பிலிம் சுருளில் துளையிடும் பொறி ஒன்றும் கொண்டுவந்தார். அந்நாளில் பிலிம் சுருள் ஓரத்துளைகள் இல்லாமலேயே வந்தது. வெளிச்சம் சிறிதும் படாத இருட்டறையில் அமர்ந்து, கைத்தடவலாலேயே அதற்குச் சீராகத் துளையிட வேண்டும். ஒரு துளை பிசகினாலும் காமிராவில் சுருள் சிக்கிக்கொள்ளும். இந்த வேலையைக் கற்றுச் செய்தவர் சரஸ்வதிபாய். எடுத்த படத்தை இரசாயனத்தில் கழுவி உருத்தோற்றும் பணியிலும் அவர் கை இருந்தது. வெயிலைத் திருப்பி நடிகர் முகத்தில் விழச் செய்வதற்கு வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றதும் உண்டு என்பர். இவற்றுக்கிடையே படப்பிடிப்புக் குழுவினர் அனைவருக்கும் சமைத்துப் போட்டார். 1913இல் வெளியான ‘ராஜா ஹரிச்சந்திரா’வில் நடிப்பதற்குப் பெண்கள் கிடைக்கவில்லை, தாராமதி வேடத்தையும் ஓர் ஆடவரே புனைந்தார். திரையின்மீது பெண்ணின் முகம் தோன்றுமுன்னரே, பிலிமின்மீது பெண்ணின் விரல் பட்டுவிட்டது என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

அதற்குப் பிறகு நடந்தது விசித்திரமானது. நடிப்புத் துறையில் பெண்கள் விரைவாகவே வந்து சேர்ந்தனர். 1926இல் பாத்மா பேகம் ‘புல்புல்-ஏ-பரிஸ்தான்’ என்னும் படத்தை இயக்கினார். 1936இல் டி.பி. ராஜலட்சுமி ‘மிஸ் கமலா’வைத் தாமே எழுதி இயக்கித் தமிழில் அவ்வழியைத் திறந்தார். ஆனால் காமிராவின் அருகே மட்டும் பெண்ணுக்கு இடம் இல்லை. பால்கே வீட்டு இருட்டறையில் தொடங்கிய அந்தத் தொழிலுக்கு ஒரு பெண் உரிமையோடு திரும்பி வருவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

இத்தாமதத்திற்குக் காரணம் கேட்டால், காமிராவின் எடையைச் சொல்வார்கள். இந்தக் காரணத்தை நாம் ஏற்பதற்கில்லை. பழைய ஸ்டூடியோக் காமிராக்கள் கனமானவைதாம். ஆனால் அவற்றை ஒளிப்பதிவாளர் தோளில் சுமந்து திரியவில்லை. உதவியாளர் சிலர் கூடித் தூக்கி வைப்பார்கள். ஒளிப்பதிவாளர் கண்ணை வைத்துப் பார்ப்பார். தலைநகரில் நாம் அலுவலகம் செல்லும் வழியில் கட்டட வேலை நடக்காத நாள் இல்லை. அங்கே பெண்கள் தலையில் செங்கல் அடுக்கிக்கொண்டு மூங்கில் சாரத்தில் ஏறுகிறார்கள். அவர்களிடம் எவரும் எடையைப் பற்றிப் பேசக் கேட்டதில்லை.

உண்மையான காரணம் தொழிலின் அமைப்பிலேயே இருந்தது. பிலிமில் படம் எடுத்த காலத்தில், எடுத்த காட்சி எப்படி வந்திருக்கிறது என்பதை உடனே பார்க்க வழியில்லை. சுருள் சோதனைச்சாலைக்குச் சென்று கழுவப்பட்டு வந்தபின்னரே, முகம் தெளிவாக இருக்கிறதா, நிழல் சரியாக விழுந்திருக்கிறதா என்பது தெரியும். அதுவரையில் தயாரிப்பாளரின் பணம், நடிகரின் உழைப்பு, இயக்குநரின் கனவு ஆகிய மூன்றும் ஒரே ஒருவரின் கண்ணையும் கணக்கையும் நம்பி இருந்தன. அந்த ஒருவர் இருபது முப்பது பேருக்கு ஆணையிடுபவர். விளக்கைத் தூக்கு, இறக்கு, மறை என்று அவர் சொன்னால் மேற்சாரத்தில் நிற்கும் விளக்குப் பணியாளர் மறுபேச்சின்றிச் செய்ய வேண்டும். அத்தகைய நம்பிக்கையையும் அதிகாரத்தையும் ஒரு பெண்ணிடம் ஒப்படைக்க மனம் வராததே தடை. மற்றொன்றும் உண்டு. இத்தொழில் குருவிடம் சீடன் கற்கும் தொழில். குரு சேர்த்துக்கொண்டால்தான் வாசல் திறக்கும். வெளியூர்ப் படப்பிடிப்பில் தங்குமிடம், கழிப்பறை, இரவு நேரம் ஆகியவற்றைச் சொல்லி, சேர்த்துக்கொள்ளாமல் இருப்பது எவருக்கும் எளிதாக இருந்தது.

அசையாப் படம் எடுக்கும் துறையில் இத்தகைய தடைகளை ஒருவர் முன்னரே தாண்டியிருந்தார். நவ்சாரியில் பிறந்த ஹோமாய் வியாரவாலா 1942 முதல் தில்லியில் பத்திரிகைப் புகைப்படக்காரராகப் பணியாற்றினார். புடவை உடுத்தி, கருவிகளைச் சுமந்து, தில்லித் தெருக்களில் சைக்கிளில் சென்று அவர் எடுத்த படங்களே இன்று நம் விடுதலைக் காலத்தின் கண்சாட்சியாக விளங்குகின்றன. 2011இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். அடுத்த ஆண்டு மறைந்தார். ஆனால் புகைப்படக்காரர் தனியாகச் செல்பவர். திரைப்பட ஒளிப்பதிவாளரோ ஒரு படையை நடத்துபவர். ஒன்றில் பெற்ற வெற்றி மற்றொன்றின் வாசலைத் திறந்துவிடவில்லை.

அந்த வாசல் திறந்த கதை சென்னையில் நடந்தது. அதில் வரும் குருவோ வடநாட்டவர். அலகாபாத்தில் பிறந்த அசோக்குமார் மலையாளப் படவுலகில் ஒளிப்பதிவாளராகத் தொடங்கித் தமிழுக்கு வந்தவர். இயக்குநர் மகேந்திரனுடன் அவர் சேர்ந்து பணியாற்றிய படங்களில் ஒன்று 1980இல் வெளிவந்த ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’. அதிகாலை மூடுபனியில் இருவர் ஓடிக்கொண்டே இருக்கும் அதன் பாடற்காட்சியைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். அப்படத்திற்காக அசோக்குமாருக்குத் தேசிய விருது கிடைத்தது.

அந்தப் படத்தைப் பற்றி நாம் சற்று நின்று பேசுவதற்கு வேறு காரணம் உண்டு. அதன் கதாநாயகி சுகாசினி, நடிப்பைக் கற்று வந்தவர் அல்லர். சென்னை அடையாற்றிலுள்ள திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று, அசோக்குமாரிடமே உதவியாளராக இருந்தவர். மகேந்திரன் அவரைக் கண்டு, காமிராவுக்குப் பின்னாலிருந்து முன்னால் அழைத்தார். அதே படத்தில் அசோக்குமாரிடம் உதவியாளராகப் புதிதாகச் சேர்ந்த மற்றொரு பெண் பி.ஆர். விஜயலட்சுமி. ஒருவர் வெளிச்சத்திற்குள் சென்றார். ஒருவர் வெளிச்சத்தை அளக்க வந்தார்.

விஜயலட்சுமி, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘கப்பலோட்டிய தமிழன்’, ‘கர்ணன்’ முதலிய படங்களைத் தந்த பி.ஆர். பந்துலுவின் மகள். தந்தையார் 1974இல் காலமானார். ஆகவே மகள் தொழில் கற்கச் சென்றபோது கைபிடித்து அழைத்துச் செல்ல அவர் இல்லை. ஆனால் பெயர் இருந்தது. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. சுகாசினியும் திரைக்குடும்பத்தைச் சேர்ந்தவரே. பல காலம் பூட்டிக் கிடந்த வீட்டில் முதலில் நுழைபவர், அவ்வீட்டின் பின்கட்டு தெரிந்தவராக இருப்பது இயல்பு. சரஸ்வதிபாயும் அவ்வீட்டு மனைவியாகத்தானே இருட்டறைக்குள் சென்றார்? ஆயினும் பெயர், வாசலைத் தாண்டுவதற்கு மட்டுமே உதவும். பிலிமுக்கு எவர் மகள் என்பது தெரியாது.

உதவி ஒளிப்பதிவாளர் என்றால் என்ன வேலை என்பதை இன்றைய இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது காமிராக்களில் பிலிம் இல்லை. அந்நாளில் கடைசி உதவியாளரின் முதல் பாடம் கறுப்புத் துணிப்பை. சட்டைக்கை போன்ற இரு துளைகளை உடைய அந்த ஒளிபுகாப் பைக்குள் பிலிம் டப்பாவையும், காமிராவின் மேல் பொருத்தும் மேகஸீன் என்னும் பெட்டியையும் வைத்து மூடிவிட்டு, இரு கைகளையும் உள்ளே நுழைத்து, கண்ணால் காணாமலே சுருளை மாற்ற வேண்டும். நானூறு அடிச் சுருள் என்றால் ஏறக்குறைய நாலரை நிமிஷத்துக்கு வரும். ஆயிரம் அடி என்றால் பதினொரு நிமிஷம். வெயிலில் கை வியர்க்கும். வியர்வை பிலிமில் பட்டால் கறை. பைக்குள் மணல் ஒரு துகள் புகுந்தால் கீறல். வெளியே நூறு பேர் காத்திருப்பார்கள். அவசரப்பட்டு ஒளி புகுந்துவிட்டாலோ, முந்திய நாலரை நிமிஷ உழைப்பு முழுவதும் புகைமூட்டமாகிவிடும்.

அடுத்த பாடம் அளவு நாடா. நடிகரின் முகத்திற்கும் காமிராவுக்குள் பிலிம் நிற்கும் தளத்திற்கும் இடையே எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று அளந்து, லென்ஸின் வளையத்தை அதற்கேற்பத் திருப்ப வேண்டும். நடிகர் நடந்தால் வளையமும் நடக்க வேண்டும். நடிகர் குறித்த இடத்தில் நில்லாமல் ஓர் அடி தள்ளி நின்றால், அந்த ஓர் அடியை உதவியாளர் தம் கண்மதிப்பால் உணர்ந்து திருத்த வேண்டும். சரியாகச் செய்தால் எவரும் கவனிக்கமாட்டார்கள். தவறினால், பல நாள் கழித்துச் சோதனைச்சாலையின் சிறு திரையரங்கில் அத்தனை பேர் முன்னிலையிலும் அது தெரியும்.

இவற்றுக்குப் பின்னரே வெளிச்சம். கையடக்கமான ஒளிமானியை நடிகரின் கன்னத்தருகே நீட்டி அளவு பார்ப்பது, எந்தப் பக்க விளக்கைத் தணிப்பது, முகத்தின் நிழலை எவ்வளவு விட்டுவைப்பது என்பவற்றை ஆசிரியர் அருகில் நின்று பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆசிரியர் விளக்கிச் சொல்வது அரிது. ஒரு விளக்கை அணைக்கச் சொல்வார். ஏன் அணைத்தார் என்பதைச் சீடர் தாமே கண்டுபிடிக்க வேண்டும். அதிலும் அசோக்குமார் இயற்கை வெளிச்சத்தை விரும்பியவர். சன்னல் வழி வரும் ஒளி, விடியற்காலப் பனி, மரத்தடி நிழல் ஆகியவற்றைக் கெடுக்காமல் படத்திற்குள் கொண்டுவருபவரிடம் கற்பவர், விளக்கை ஏற்றுவதைவிடக் காத்திருப்பதை அதிகமாகக் கற்றிருப்பார் என்று நாம் எண்ணுகிறோம்.

ஐந்து ஆண்டுகள் சென்றன. 1985இல் கே. பாக்யராஜ் இயக்கிய ‘சின்ன வீடு’ வெளிவந்தது. ஒளிப்பதிவு பி.ஆர். விஜயலட்சுமி. அப்போது பாக்யராஜின் படங்களுக்குத் தமிழ்நாடெங்கும் பெருங்கூட்டம் கூடிய காலம். பரிசோதனைக்காகச் சிறு செலவில் எடுத்த படமாக இருந்தால், பெண்ணுக்கு ஒரு வாய்ப்புத் தந்து பார்த்தார்கள் என்று சொல்லிவிடலாம். வணிகப் போட்டியின் நடுவே, பெயர்பெற்ற நடிகரும் இயக்குநருமான ஒருவர் தம் படத்தையே ஒப்படைத்தார் என்பதுதான் இதில் பொருட்படுத்தத் தக்கது. தொழிலில் கேட்கப்படுவது அதுவே: தோற்றால் பெருநஷ்டம் வரும் இடத்தில் உன்னை நிறுத்துகிறார்களா?

இதே ஆண்டில் வெளிவந்த ‘சிந்து பைரவி’க்காகச் சுகாசினி சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்றார். ஒரே ஆசிரியரிடம் ஒளிமானி பிடித்த இருவரில் ஒருவர் நடிப்பின் உச்சிக்கும், ஒருவர் காமிராவின் பொறுப்புக்கும் ஒரே ஆண்டில் சென்றுசேர்ந்தனர். மேலும் பத்தாண்டுக்குப் பின் 1995இல் இருவருமே இயக்குநராகப் படம் தந்தனர்: சுகாசினி ‘இந்திரா’, விஜயலட்சுமி ‘பாட்டுப் பாடவா’. முன்னதற்கு உள்ள புகழ் பின்னதற்கு வரவில்லை. எஸ்.பி. பாலசுப்பிரமணியம் நடித்த அப்படத்தைப் பழைய பாடல்களை விரும்புவோர் இன்றும் நினைவுகூர்கின்றனர்.

விஜயலட்சுமியை ‘ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ‘முதல்’ என்னும் சொல்லைக் கண்டால் நம் போன்ற மொழிபெயர்ப்பாளருக்குப் பேனா சற்றுத் தயங்கும். ஆசியா பெரியது, அதன் திரைப்பட ஏடுகள் அனைத்தையும் புரட்டிப் பார்த்தவர் எவர்? சோவியத் நாட்டில் மார்கரீட்டா பிலிகினா, 1965இல் வெளியான மார்லென் குட்சியேவின் ‘எனக்கு இருபது வயது’ என்னும் படத்தை ஒளிப்பதிவு செய்து, மாஸ்கோவில் மாணவர்களுக்குக் கற்பித்தும் வந்தார். மாறாக, அமெரிக்க ஒளிப்பதிவாளர் சங்கம் பிரியான் மர்பி என்னும் பெண்ணை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது 1980இல்தான். விஜயலட்சுமி கறுப்புப் பைக்குள் கைவிடத் தொடங்கிய அதே ஆண்டு. ஹாலிவுட்டுக்கும் கோடம்பாக்கத்துக்கும் இடையே இவ்விஷயத்தில் அதிக தூரம் இருக்கவில்லை. ஆஸ்கார் விருதின் ஒளிப்பதிவுப் பிரிவில் ஒரு பெண்ணின் பெயர், ரேச்சல் மாரிசனுடையது, முதன்முதலாகப் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது 2018ஆம் ஆண்டில்.

சொல்லைப் பற்றிப் பேச்சு வந்ததால் நம் அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் திரைப்படத்துறை பற்றிய ஆங்கிலக் குறிப்பு ஒன்று தமிழாக்கத்திற்காக நம் மேசைக்கு வந்தது. அதில் ஒரு பெண்மணியின் பெயருக்கு எதிரே ‘காமிராமேன்’ என்றே அச்சிடப்பட்டிருந்தது. தமிழில் நமக்கு அந்தச் சங்கடம் இல்லை. ‘ஒளிப்பதிவாளர்’ என்னும் சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் மரியாதையோடு பொருந்தும். ஆயினும் வரைவைப் பார்த்த ஒருவர், ‘பெண் என்பது தெரிய வேண்டாமா? ஒளிப்பதிவாளினி என்று போடலாமே’ என்றார். ‘மருத்துவர்’ என்றும் ‘நீதிபதி’ என்றும் எழுதும்போது இக்கேள்வி எழவில்லையே என்று சொல்லி, ‘ஒளிப்பதிவாளர்’ என்பதையே நிறுத்திக்கொண்டோம். காமிராமேன் என்னும் பேச்சுவழக்குச் சொல்லைப் படப்பிடிப்புத் தளத்திலிருந்து நீக்குவது நம் பேனாவின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

திரைக்குடும்பத்துப் பெயர் இல்லாத பெண்ணுக்கு வேறொரு வாசல் தேவைப்பட்டது. அது கல்லூரி வழியாக வந்தது. பூனாவில் பழைய பிரபாத் ஸ்டூடியோ இருந்த வளாகத்தில் 1960இல் மத்திய அரசு தொடங்கிய திரைப்பட நிறுவனம், நுழைவுத் தேர்வில் தேறியவரை எவர் மகள் என்று கேளாமல் சேர்த்துக்கொள்ளும் இடமாயிற்று. அங்கே பயின்ற பௌசியா பாத்திமா, பி.சி. ஸ்ரீராமிடம் உதவியாளராகப் பணியாற்றி, 2002இல் ரேவதி இயக்கிய ‘மித்ர் மை பிரண்ட்’ படத்தை ஒளிப்பதிவு செய்தார். அப்படத்தின் இசை, படத்தொகுப்பு, திரைக்கதை ஆகிய பொறுப்புகளையும் பெண்களே ஏற்றிருந்தனர். பூனா மாணவியான சவிதா சிங், ‘கிரமஷ’ என்னும் படத்திற்காக 2007ஆம் ஆண்டுக்குரிய தேசிய விருதைக் கதையல்லாப் படப் பிரிவில் பெற்றார். சந்தோஷ் சிவனிடம் தொழில் கற்ற அஞ்சுலி சுக்லா, ஷாஜி என். கருணின் ‘குட்டி ஸ்ராங்க்’ என்னும் மலையாளப் படத்திற்காக 2009ஆம் ஆண்டுக்குரிய சிறந்த ஒளிப்பதிவாளர் விருதைப் பெற்றார். கதைப்படப் பிரிவில் அவ்விருது பெண் ஒருவருக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை. இங்கே ‘முதல்’ என்று எழுத நமக்குத் தயக்கமில்லை. விருதுப் பட்டியல் கையில் இருக்கிறது.

ஆயினும் விருதுப் பட்டியலை வைத்துத் தளத்தின் நிலையை அளந்துவிட முடியாது. பம்பாய்த் திரையுலகில் முகப்பூச்சுக் கலைஞர் சங்கம், பெண்களைச் சிகை ஒப்பனைக்கு மட்டுமே உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வது, முகப்பூச்சுக்கு ஆண்கள் மட்டுமே என்று விதி வைத்திருந்தது. சாரு குரானா என்பவரும் மற்றும் சிலரும் தொடுத்த வழக்கில், இவ்விதி அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2014 நவம்பரில். கவனியுங்கள், நேயர்களே: தேசிய விருது ஒரு பெண் ஒளிப்பதிவாளருக்குக் கிடைத்துப் பல ஆண்டுகள் கழித்து, நடிகையின் முகத்தில் வண்ணம் பூசும் உரிமைக்காகப் பெண்கள் நீதிமன்றம் செல்ல வேண்டியிருந்தது. எழுதிய விதி இருந்ததால் அதை அடித்துப் போட முடிந்தது. ஒளிப்பதிவுத் துறையில் நம் கண்ணுக்குத் தெரிந்தவரை அப்படி எழுதிய விதியைவிட, எழுதாத பழக்கமே தடையாக இருந்தது. பழக்கத்தை எதிர்த்து எந்த நீதிமன்றத்தில் மனுப்போடுவது?

2014 அக்டோபரில் அசோக்குமார் காலமானார். அவரைப் பற்றிப் பேசுவோர் அவர் பெற்ற விருதுகளையும் பனிக்காட்சியையும் சொல்வார்கள். ஒரே காலப்பகுதியில் இரண்டு இளம்பெண்களைத் தம் காமிராக் குழுவில் சேர்த்துக்கொண்டவர் என்பதையும் அவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது நம் விருப்பம்.

பௌசியா பாத்திமாவுக்கு ஸ்ரீராமும், அஞ்சுலி சுக்லாவுக்குச் சந்தோஷ் சிவனும், விஜயலட்சுமிக்கு அசோக்குமாரும் என்று, இதுவரை சொன்ன குருமார் அனைவரும் ஆடவரே. 2017இல் இந்தியப் பெண் ஒளிப்பதிவாளர்கள் ஒன்றுகூடித் தங்களுக்கென ஒரு கூட்டமைப்பு அமைத்தனர். பௌசியா பாத்திமா அம்முயற்சியில் முன்நின்றவர்களுள் ஒருவர். நாடெங்கும் இத்தொழிலில் உள்ள பெண்கள் எவரெவர், எங்கே இருக்கின்றனர், என்ன படம் செய்தனர் என்பது அதன்வழித் தெரியவந்தது. உதவியாளராகச் சேர விரும்பும் மாணவி, இப்போது ஒரு பெண்ணிடமே கேட்கலாம்.

விஜயலட்சுமி பின்னர் தொலைக்காட்சி நிகழ்ச்சித் தயாரிப்பில் பல ஆண்டுகள் கழித்தார். 2018இல் ‘அபியும் அனுவும்’ என்னும் படத்தை இயக்கி, இருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பிறகு இயக்குநராகத் திரும்பி வந்தார். அதற்குள் கறுப்புத் துணிப்பை படப்பிடிப்புத் தளங்களிலிருந்து அநேகமாக மறைந்துவிட்டிருந்தது.